கையை எடு என்றால் கை கேட்பதில்லை

வாசகர் கேள்விகளுக்கு மனநல ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 17. நாமக்கல் மாவட்டத்தில் விடுதியுடன் கூடிய தனியார் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். நீட் தேர்வுக்கும் அங்கேயே பயிற்சி பெறுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே நகம் கடிக்கும் பழக்கம் இருந்தாலும், விடுதியில் சேர்ந்த பிறகு அது கைமீறிப் போய்விட்டது. இப்போது கடிப்பதற்கு நகமே இல்லாததால் அதை ஒட்டிய தோலைப் பிய்க்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் ரசம் சோற்றைப் பிசையும்போது விரல் நுனி எரிகிறது என்று கரண்டி கேட்டு வாங்கினேன். அன்றிலிருந்து தோழிகள் என்னைத் 'துரைசாணி' என்கிறார்கள். சென்ற மாதம் வேதியியல் விடைத்தாளின் ஓரத்தில் இரத்தக் கறை பட்டிருந்ததை ஆசிரியர் வகுப்பின் முன்னால் தூக்கிக் காட்டினார். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு மருதாணி வைக்கக் கையை நீட்ட வெட்கப்பட்டு, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வாரத் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொன்னால் 'நகம் கடித்தால் தரித்திரம்' என்பார். அப்பாவிடம் சொன்னால், கட்டிய பணம் வீணாகிவிடுமோ என்று பயந்துபோவார். இதற்கெல்லாமா டாக்டரிடம் போவார்கள்? போனால் மனநோயாளி என்று எழுதிவிடுவார்களா? பிறகு மருத்துவம் படிக்கவே முடியாமல் போய்விடுமா?
(பெயர் வெளியிட விரும்பாத மாணவி)

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அந்தப் பயம் தீராதவரை நான் சொல்லும் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது. மனநல மருத்துவரைப் பார்ப்பதால் மருத்துவப் படிப்புக்கான வாய்ப்பு பறிபோவதில்லை. நீட் விண்ணப்பத்தில் அப்படி ஒரு மருத்துவரைப் பார்த்ததுண்டா என்று கேட்கும் கட்டமே கிடையாது. நீங்கள் மருத்துவரிடம் பேசுவதை அவர் உங்கள் பள்ளிக்கு எழுதி அனுப்புவதும் இல்லை. சிகிச்சை பற்றிய விவரங்களை இரகசியமாகக் காப்பதற்கான உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் 18 வயது நிறையாததால், சிகிச்சைக்குப் பெற்றோரில் ஒருவர் உடன் வர வேண்டியிருக்கும். அந்த ஒரு சிக்கலுக்குக் கீழே வழி சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கரண்டியைப் பற்றிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். நகம் கடிக்கும் பழக்கம் வளரிளம் பருவத்தினரிடையே மிகச் சாதாரணமானது. பெரும்பாலோர் எந்த வைத்தியமும் இல்லாமல் இருபது வயதைத் தாண்டும்போது தாமாகவே விட்டுவிடுகிறார்கள். எனவே நகம் எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பதை அளந்து பார்த்து நான் முடிவு செய்வதில்லை. அதற்காக ஒருவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றுதான் கேட்கிறேன். நீங்கள் கையால் பிசைந்து சாப்பிடுவதை விட்டிருக்கிறீர்கள். அக்காவின் விசேஷத்தில் மருதாணியை விட்டிருக்கிறீர்கள். தூக்கத்தில் பாதியையும் விட்டிருக்கிறீர்கள். ஆகவே, ஆமாம், இதற்கு டாக்டரிடம் போவார்கள், நீங்களும் போகலாம்.

அடுத்து, இது மன உறுதி இல்லாததால் வருவது என்று நீங்கள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பது கடிதத்தில் நேரடியாக இல்லாவிட்டாலும் வரிகளுக்கு இடையே தெரிகிறது. மருத்துவ உலகம் இதை அப்படிப் பார்ப்பதில்லை. முடியைப் பிடுங்குதல், தோலைக் கிள்ளுதல் ஆகியவற்றோடு சேர்த்து, உடலின் மீதே திரும்பத் திரும்ப நிகழும் பழக்கங்கள் என்ற ஒரே குடும்பத்தில் இதை வைக்கிறார்கள். நடப்பது இதுதான்: மனம் இறுகுகிறது, விரல் ஏதோ ஒரு சொரசொரப்பான ஓரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது, பல் அதைச் சமன்செய்கிறது, ஒரு நொடி ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஒரு நொடிக்காகவே மூளை இந்தப் பாதையை மனப்பாடம் செய்துகொள்கிறது. ஆனால் பல் கடித்த இடம் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. புதிதாக ஒரு பிசிர் எழுந்து நிற்கும், அதை விரல் மறுபடியும் தேடும். கை வாய்க்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பல நேரங்களில் உங்களுக்கே தெரியவரும். தெரியாமல் நடக்கும் ஒன்றை உறுதிமொழியால் எப்படித் தடுப்பது? 'கையை வாயிலிருந்து எடு' என்று அதட்டினால் அந்தக் கணம் கை இறங்கும். அதட்டலால் ஏற்பட்ட கூச்சம் மனதை இறுக்க, பத்து நிமிடத்தில் கை மறுபடி ஏறிவிடும். விடைத்தாளைத் தூக்கிக் காட்டிய ஆசிரியர் நல்லெண்ணத்தோடு செய்திருந்தாலும், செய்தது தவறு என்றே நான் சொல்வேன்.

உங்களிடம் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று பழக்கம், மற்றொன்று பதற்றம். இரண்டும் பின்னிக்கொண்டிருந்தாலும் அவிழ்க்கும் முறை வேறு வேறு.

பழக்கத்துக்கு, 1973ஆம் ஆண்டு நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் முன்வைத்த ஒரு முறைதான் இன்றளவும் முதல் வழியாகக் கொள்ளப்படுகிறது. பழக்கத்தைத் திருப்புதல் என்று அதைச் சொல்லலாம். அதன் முதல் படி நிறுத்துவதே அல்ல, கவனிப்பது. ஒரு வாரம் வரை கடிப்பதைத் தடுக்க எந்த முயற்சியும் செய்யாமல், ஒரு சிறு குறிப்பேட்டில் எப்போது, எங்கே, எந்த விரல், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர் இப்படி எழுதிப் பார்த்தபோது, எப்போதும் வலது கை ஆள்காட்டி விரலே முதலில் போகிறது என்பதையும், அதற்கு முன்னால் கட்டைவிரல் அந்த நகத்தின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறது என்பதையும் கண்டுபிடித்தார். அந்தத் தடவல்தான் எச்சரிக்கை மணி. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். இரவுப் படிப்பு நேரத்தில், ஒரு கணக்கின் விடை வராமல் பக்கத்தைத் திருப்பும்போது கன்னத்தில் முட்டுக்கொடுக்கும் கையாகக்கூட அது இருக்கலாம்.

இரண்டாவது படியில் அந்தக் கைக்கு வேறு வேலை தர வேண்டும். எச்சரிக்கை மணி அடித்தவுடன் விரல்களை மடக்கி, வலிக்காத அளவுக்கு இறுக மூடித் தொடையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பேனாவை உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடியுங்கள். முதலில் இதை வகுத்தவர்கள் மூன்று நிமிடம் என்றார்கள். இன்று பலரும் ஒரு நிமிடம் போதும் என்கிறார்கள். கடிக்க வேண்டும் என்ற உந்துதல் ஓர் அலையைப் போல எழுந்து தானே அடங்கும். அடங்கும்வரை கை வேறு எங்காவது இருந்தால் போதும். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாதபடி இதைச் செய்ய முடியும் என்பது விடுதியில் உங்களுக்குப் பெரிய வசதி. பத்து விரல்களையும் ஒரே நாளில் காப்பாற்ற முயலாதீர்கள். இடது கைக் கட்டைவிரலை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள், வேண்டுமானால் அதில் ஒரு பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுங்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். மூன்று வாரத்தில் அந்த ஒரு விரலில் வெள்ளை விளிம்பு தெரியும். மற்ற ஒன்பதுக்கும் அதுவே வழக்கறிஞராக வாதாடும்.

'துரைசாணி' என்று கேலி செய்த தோழிகளில் ஒருத்தியாவது நல்லவளாக இருப்பாள். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, கை வாய்க்குப் போவதைப் பார்த்தால் வாயால் எதுவும் சொல்லாமல் மேசையில் இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள்.

பதற்றத்துக்கு வருகிறேன். தேர்வுக்கு முந்தைய இரவின் படபடப்பு யாருக்கும் வருவதுதான். ஆனால் வாரந்தோறும் தேர்வு வைக்கும் இடத்தில் வாரந்தோறும் தூக்கம் கெடுமானால், வருடம் முழுவதும் நீங்கள் தேர்வறையில்தான் குடியிருக்கிறீர்கள் என்று பொருள். மூன்று மணிக்கு விழித்ததும் புத்தகத்தை எடுக்காதீர்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் இப்படிச் செய்து பாருங்கள். இது முதலுதவி மட்டுமே. மதிப்பெண் குறைந்தால் வாழ்க்கையே போயிற்று என்று மனம் போடும் கணக்கை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு செய்ய வேண்டிய வேலை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர்.

அந்த ஒருவரை எங்கே தேடுவது? 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது, தமிழிலேயே பேசுவார்கள். நேரில் பார்க்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதல் சந்திப்பில் என்ன நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சுதான் நடக்கும். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, வேறு ஏதாவது எண்ணம் திரும்பத் திரும்ப வந்து தொல்லை தருகிறதா என்று கேட்பார். படபடப்புக்கு இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ காரணமாக இருக்கக்கூடும் என்பதால் ஓர் இரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம். நகம் கடிப்பதற்கென்று தனியாக மாத்திரை தருவது வழக்கமில்லை. பதற்றம் அதிகமாக இருந்து பேச்சுச் சிகிச்சை மட்டும் போதாது என்று தோன்றினால் அதற்கு மருந்து தரலாம், அதையும் உங்களிடமும் பெற்றோரிடமும் விளக்கிய பிறகே தருவார். பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். பெரும்பாலான மருத்துவர்கள் கேட்காமலே அதைச் செய்வார்கள். மருந்துக் கடையில் யாரோ சொன்ன தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

அம்மாவிடம் சொல்வது எப்படி? 'நகம் கடிக்கிறேன்' என்று தொடங்கினால் தரித்திரத்தில்தான் போய் முடியும். அது அவருக்கு அவருடைய அம்மா சொல்லித் தந்த பதில். தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். 'அம்மா, ஒரு மாதமாக மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, விரலெல்லாம் புண்ணாகிச் சோறு பிசைய முடியவில்லை, ஒரு டாக்டரிடம் கூட்டிப் போ' என்று ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். பிள்ளையால் சோறு பிசைய முடியவில்லை என்று கேட்ட பிறகும் தரித்திரம் பேசும் தாயை நான் இதுவரை பார்த்ததில்லை. வாய் வராவிட்டால் இந்தப் பத்திரிகைக்கு எழுதியதைப் போலவே அவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் தெளிவாக எழுதுகிறீர்கள். அப்பாவின் பணத்தைப் பற்றிய கவலையை அப்பாவிடமே விட்டுவிடலாம்.

ஒன்றைக் கேட்காமல் விட முடியவில்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்க்குமானால், ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே விடுதிக் காப்பாளரின் தொலைபேசியைக் கேட்டு வாங்கி 14416 என்ற எண்ணை அழையுங்கள்.

புண்ணான விரல்களுக்கு இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். ஈரப்பசை இருந்தால் பிய்க்கத் தூண்டும் பிசிர் குறையும். நகத்தின் ஓரம் சிவந்து வீங்கினால் அது நகச்சுத்தியின் தொடக்கம். வெதுவெதுப்பான நீரில் விரலை ஒரு கால் மணி நேரம் வைத்திருப்பதை நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். விடுதிச் சமையற்கார அம்மா எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள். திறந்த புண்ணில் அது எரியும், சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்றாமல் எந்தப் பழத்தாலும் குணம் வராது. விண்விண் என்று தெறித்தாலோ, சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. எப்போதும் விரலை வாயில் வைத்து நகத்தைக் கடித்துக்கொண்டே இருக்கிறான். மாமியார் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார், பலன் இல்லை. இப்போது மிளகாய்த் தூளைத் தடவலாம் என்கிறார். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு சரியாகத் தூங்கவும் மாட்டேன் என்கிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
(ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: மிளகாய் வேண்டவே வேண்டாம், அந்த விரல் வாய்க்குப் போவதற்கு முன் கண்ணுக்குப் போகும். வேப்பெண்ணெயும் சிறு குழந்தைகள் விழுங்கினால் நஞ்சாகக்கூடியது, ஆகவே அதையும் நிறுத்திவிடுங்கள். கசப்புக்காகவே தயாரிக்கப்பட்ட நகப்பூச்சுகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைத் தண்டனையாகத் தடவினால் பிள்ளை கசப்புக்கும் பழகிக்கொள்வான். 'மறந்துபோய்க் கை வாய்க்குப் போனால் இது உனக்கு நினைவூட்டும்' என்று அவனுடைய சம்மதத்தோடு தடவினால் ஓரளவு பயன் உண்டு.

தொடர்பு உண்டா என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. இரவு அரிப்புக்குப் பெரும்பாலும் கீரிப்பூச்சி என்று நாம் சொல்லும் மெல்லிய வெள்ளைப் புழு காரணம். அது இரவில் ஆசனவாயின் ஓரத்தில் வந்து முட்டையிடும். சொறியும்போது முட்டைகள் நகத்தடியில் ஒட்டிக்கொள்ளும். நகத்தைக் கடிக்கும்போது மறுபடி வயிற்றுக்குள் போகும். மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள்; இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்கச் சொல்வார், வீட்டில் உள்ள அனைவருமே சாப்பிட வேண்டியிருக்கும், மாமியார் உட்பட. பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்திருந்தால் அந்தத் தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பள்ளியில் புதிதாக ஏதாவது மாற்றம் நடந்ததா, தம்பி தங்கை பிறந்திருக்கிறார்களா, வீட்டில் குரல் உயர்ந்திருக்கிறதா என்பதைப் பூச்சி போன பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

கேள்வி: வயது 23. கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எனக்குப் பதற்றமோ கவலையோ எதுவும் இல்லை; தூக்கமும் பசியும் நன்றாகவே உள்ளன. ஆனாலும் கிரிக்கெட் பார்க்கும்போதும், திரையில் ஏதாவது ஓடி முடிவதற்காகக் காத்திருக்கும்போதும் நகத்தைக் கடித்துத் துப்பிவிடுகிறேன். பெண் பார்க்கப் போகும் நேரத்தில் இது அசிங்கமாக இருக்கிறது. நானும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?
(ஓர் இளைஞர்)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. பதற்றம்தான் நகம் கடிக்க வைக்கிறது என்று பொதுவாக நம்பினாலும், சலிப்பும் பொறுமையின்மையும் அதே வேலையைச் செய்யும். காத்திருக்கும் கைக்கு வேலை இல்லை என்பதுதான் உங்கள் சிக்கல். மேலே அந்த மாணவிக்குச் சொன்ன குறிப்பேட்டையும் கை மடக்கலையும் நீங்களும் செய்யலாம். முன்பற்களின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பல ஆண்டுப் பழக்கம் என்றால் பெரும்பாலும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

சட்டைப் பையில் ஒரு நகவெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அராவும் பட்டையோடு கூடியதாக. விரல் ஒரு பிசிரைக் கண்டுபிடித்தால், அதைப் பல் தீர்ப்பதற்கு முன் வெட்டி அராவிச் சமமாக்கிவிட வேண்டும். செவ்வாய், வெள்ளி, விளக்கு வைத்த நேரம் என்று வீட்டில் யாராவது தடுத்தாலும், தனியே போயாவது வெட்டிவிடுங்கள்; நகவெட்டி விரதம் இருக்கும் நாளில் பல் விரதம் இருப்பதில்லை.